உள்பக்கத்து ரேகை

முதலில் அதைத் தன் கையுறையிலிருந்து ஒட்டிய அழுக்கு என்றுதான் வினோதா நினைத்தாள். இடுக்கியால் அந்தக் கேப்சூலை எடுத்து, மெல்லிய துணியால் துடைத்து, திரும்பவும் விளக்கு மேசையின் பால்வெள்ளைக் கண்ணாடிமேல் வைத்தாள். போகவில்லை. கீழேயிருந்து வந்த வெளிச்சம் நிறமற்ற அந்தக் காலிக் கூட்டைத் துளைத்து ஏறியபோது, அதன் முனை உருண்டு திரும்பும் இடத்தில், முடியிழையைவிட மெல்லிய கோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழன்று கிடந்தன.

காலை மணி பதினொன்று. வெளியே கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் சாலை வெயிலில் வெந்துகொண்டிருக்கும். இரும்பு ஆலைகளுக்குப் பழைய தகடு ஏற்றிவந்த லாரிகள் வரிசை கட்டி நிற்கும். பரிசோதனை அறைக்குள் அதெல்லாம் எதுவும் கிடையாது. ஜன்னல் இல்லை. கூரையிலிருந்து ஓயாமல் இறங்கும் குளிர்ந்த உலர்காற்று, சுவரின் வெள்ளை, தன் முகக்கவசத்துக்குள் தன் மூச்சின் சூடு, அவ்வளவுதான். காலை எட்டு மணிக்கு உள்ளே வந்தால், மாலை ஐந்தரைக்கு ஸ்டேஷன் போகும் கம்பெனி பஸ் ஏறும்வரை பொழுது என்று ஒன்று இருப்பதே மறந்துவிடும்.

அது காலிக் கேப்சூல்களை மட்டும் செய்யும் தொழிற்சாலை. மருந்து அங்கே ஒரு துளியும் கிடையாது. மூடியும் உடலுமாகப் பொருத்திய வெறும் கூடுகள் பெட்டி பெட்டியாக மருந்து கம்பெனிகளுக்குப் போகும். அங்கே ஓர் இயந்திரம் காற்றை உறிஞ்சி மூடியையும் உடலையும் பிரித்து, உடலுக்குள் தூளை நிரப்பி, திரும்பவும் மூடும். ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் ஐந்நூறு கூடுகளை எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பது வினோதாவின் வேலை. குமிழி, விரிசல், கரும்புள்ளி, கோணல். ஆறு வருடமாக இதே மேசை. மீஞ்சூரிலிருந்து தினம் லோக்கல் ரயிலில் வருகிறவளுக்கு, எதிரே உட்கார்ந்திருப்பவரின் மூக்குக்கண்ணாடியில் உள்ள கீறல்கூடத் தானாகக் கண்ணில் பட்டுவிடும்.

ஆனால் இந்த மாதிரி ஒன்றை அவள் பார்த்ததில்லை.

கூட்டை இரண்டாகப் பிரித்தாள். வளைந்த ஊசி ஒன்றை உடலுக்குள் விட்டு, முனையை மெதுவாக இழுத்தாள். கண்ணாடிபோல வழுக்க வேண்டிய இடத்தில் ஊசி 'கிர்ர்' என்று இடறியது. அவள் வெளியே துடைத்துக்கொண்டிருந்தது வீண். கோடுகள் உள்பக்கத்தில் இருந்தன.

உருப்பெருக்கியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு குனிந்தாள். சுழி. அதைச் சுற்றி வளையங்கள். வளையங்களுக்குக் குறுக்கே, இடமிருந்து வலமாகச் சரிந்து போகும் ஒரு வெட்டுத் தழும்பு. முழுக் கட்டைவிரல் ரேகை ஒன்று, பயற்றம்பருப்பு அளவுக்குச் சுருங்கி, கைக்குழந்தையின் சுண்டுவிரல்கூட நுழைய முடியாத கூட்டின் உட்சுவரில் பதிந்திருந்தது.

ஐந்நூறில் ஏழு கூடுகளில் இருந்தது. ஏழிலும் அதே தழும்பு.

தர மேலாளர் ஹேமநாத்திடம் உடனே போயிருக்க வேண்டும். எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். மூன்று மாதத்துக்கு முன் கரும்புள்ளி என்று சொல்லி ஒரு நாள் முழுக்க இயந்திரத்தை நிறுத்த வைத்தவள் அவள். கடைசியில் பார்த்தால் தூசி அவளுடைய உருப்பெருக்கியின் கண்ணாடியில் இருந்தது. அதற்குப் பிறகு கேன்டீனில் அவளைக் கண்டால் சிலர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதுபோலப் பாவனை செய்வார்கள்.

அதனால் கண்ணாடியைத் துடைத்தாள். இரண்டு முறை. திரும்பவும் பார்த்தாள். பிறகு ஒரு கூட்டைச் சிறு பையில் போட்டுக்கொண்டு, கேப்சூல் வார்க்கும் அறைக்கு நடந்தாள்.

இரட்டைக் கதவு திறந்ததுமே அந்த வாசனை வந்து முகத்தில் அப்பியது. எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுத்த ஜெலட்டின், வெந்நீர் சூட்டில் தொட்டியில் தளும்பும்போது வருகிற, ஆறிப்போன எலும்புச் சூப்பின் வாசனை. லாரி நீளத்துக்குக் கிடந்த இயந்திரத்தில் முப்பது முப்பதாக, கேப்சூல் பருமனில், எஃகு ஊசிகள் பதித்த சட்டங்கள் தலைகீழாக நகர்ந்து வந்து, தொட்டிக்குள் இறங்கி, ஒரு கணம் நின்று, மேல்தோல் போர்த்திக்கொண்டு ஏறின. ஏறியவை புரண்டு, உலர்காற்றுச் சுரங்கங்களுக்குள் போயின. முக்கால் மணி நேரம் கழித்து மறுமுனையில் வெண்கலத் தாடைகள் அந்தத் தோலை ஊசியிலிருந்து உருவின. ஊசி எப்படியோ, கூட்டின் உள்பக்கம் அப்படி. அதனால்தான் அந்த ஊசிகளை முகம் பார்க்கலாம்போலப் பளபளவென்று வைத்திருப்பார்கள்.

இயந்திரத்தை ஓட்டுபவர் துலுக்காணம். ஐம்பத்திரண்டு வயது. பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துக்காரர். பத்தொன்பது வருடமாக அந்த ஒரே இயந்திரம்.

"இன்னாம்மா, இந்நேரத்துல இந்தப் பக்கம்?"

"ஊசியைக் கொஞ்சம் பாக்கணும்ணா. உள்ள கோடு விழுது."

"என் ஊசிலயா?" அவர் சிரித்தார். ஆனாலும் ஓடிக்கொண்டிருந்த சட்டங்களில் ஒன்றைக் கழற்றி நீட்டினார். வினோதா முப்பது ஊசிகளையும் உருட்டி உருட்டிப் பார்த்தாள். முப்பதிலும் அவள் கண்கள்தான் முப்பது தடவை தெரிந்தன. கீறல் இல்லை.

"இன்னிக்கு எல்லாமே பேஜாரா கீதும்மா," என்றார் துலுக்காணம், சட்டத்தை மாட்டிக்கொண்டே. "காலைல கேட்டாண்ட விரல் வெச்சா அந்த மிஷின் என்னைத் தெரியாதுன்னுது. மூணு நாளா இதே கத. செக்யூரிட்டி நோட்டுல கையெழுத்து வாங்கிக்கினு உள்ள உடறான். பத்தொம்போது வருசம் வந்து போற ஆளு, யாருன்னே தெரியாதாம்."

வினோதாவும் சிரித்தாள். அப்போது இயந்திரத்தின் சத்தம் அவள் காதில் ஏதோ மாதிரி விழுந்தது. சட்டம் இறங்கும் 'டக்'. ஏறும் 'ளக்'. அதற்குப் பின்னால் மூன்றாவதாக, மிக மெல்லிசாக, ஈரமான உதடுகள் பிரிவதுபோல இன்னொன்று.

"என்னண்ணா அது?"

"எது?"

அவருக்குக் கேட்கவில்லை. அல்லது கேட்டுப் பழகியிருந்தது.

மதியம் கேன்டீனில் அவருக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி அவர் விரலிடுக்கில் வழிந்து தட்டில் விழுந்தது. தண்ணீர் குடிக்க எவர்சில்வர் டம்ளரை எடுத்தார். அது கையில் நிற்காமல் நழுவித் தரையில் உருண்டது. பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். வினோதா குனிந்து டம்ளரை எடுத்து நீட்டினாள். வாங்க அவர் வலது கையை விரித்தார்.

கட்டைவிரலில் ஒரு வெட்டுத் தழும்பு இருக்க வேண்டும். பன்னிரண்டு வயதில் ஏரியில் வலை இழுத்தபோது நைலான் கயிறு அறுத்த தழும்பு. அதைக் காட்டிக் கதை சொல்லாமல் அவர் புது ஆள் யாரையும் விட்டதில்லை.

தழும்பு இல்லை.

ரேகையும் இல்லை. விரல் நுனிகள் உரித்த முட்டைபோல இருந்தன. உள்ளங்கையின் பெரிய மூன்று கோடுகள் மட்டும், பலகையில் சரியாக அழிபடாத சாக்பீஸ் கோடுகள்போல, மங்கலாக மிச்சமிருந்தன.

"அண்ணா, கை..."

அவர் சட்டென்று கையை மூடிக்கொண்டார். சுற்றும் பார்த்தார். "சோப்புத் தண்ணியும் வெந்நியும்மா. அதான். வேற ஒண்ணும் இல்ல." குரல் அதைச் சொல்லவில்லை. டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, தண்ணீரைக் குடிக்காமலே எழுந்து போனார்.

வினோதா தட்டைத் தள்ளிவைத்தாள். அறைக்குத் திரும்பி, காலையில் வார்த்த அடுத்த தொகுப்பிலிருந்து ஐந்நூறை எடுத்து மேசையில் பரப்பினாள். எண்ண வேண்டிய தேவையே இருக்கவில்லை. வெளிச்சம் ஏறியதும் பாதிக்கு மேற்பட்ட கூடுகளின் முனை மங்கியது. ஆள்காட்டி விரல். நடுவிரல். மோதிர விரல். சிலவற்றில் முனையைத் தாண்டி உடல் முழுக்க நீளவாட்டில் ஓடும் தடித்த கோடுகள். அவை எந்த விரலுக்கும் உரியவை அல்ல என்று அவளுக்கு ஒரு கணம் கழித்துத்தான் புரிந்தது. உள்ளங்கை.

ஹேமநாத்தைப் போனில் கூப்பிட்டாள். நாற்பது வயது, எப்போதும் அவசரம். தலைமுடியை மூடும் தொப்பியைச் சரியாகக்கூடப் போடாமல் வந்தார்.

"லென்ஸைத் துடைச்சீங்களா வினோதா?"

"துடைச்சேன் சார். நீங்களே பாருங்க."

அவர் குனிந்தார். நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் இருந்த பயத்தை அவள் பார்த்துவிட்டாள். அதை அவர் உடனே துடைத்துப் போட்டுவிட்டார்.

"வரி விழுந்திருக்கு. ஊசியில எண்ணெய் கம்மியா தடவியிருப்பாங்க. மைனர் டிஃபெக்ட். கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. அஞ்சு மணிக்கு லாரி."

"இது ரேகை சார். துலுக்காணம் அண்ணாவோட ரேகை. அவர் கையில இப்போ ரேகையே இல்ல."

"போன தடவையும் இப்படித்தான் சத்தியம் பண்ணீங்க."

"சார், இதை யாரோ முழுங்கப் போறாங்க."

அவர் கதவருகே நின்று, மேசையைத் திரும்பிப் பார்க்காமல், "அஞ்சு மணி," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் கையெழுத்துப் போடவில்லை. பேனாவைத் திறந்து, மூடி, மேசை விளிம்பில் வைத்தாள். இயந்திரத்தை நிறுத்தும் அதிகாரம் அவளுக்கு இல்லை. துலுக்காணத்துக்கு உண்டு. ஓட்டுபவர் சந்தேகப்பட்டால் சிவப்புப் பொத்தானை அழுத்தலாம், யாரும் கேள்வி கேட்க முடியாது. அவரிடம் சொல்லி நிறுத்திவிட வேண்டும். மற்றதைப் பிறகு பார்க்கலாம். இந்த முறை கண்ணாடி சுத்தமாக இருந்தது. இந்த முறை பார்த்தது பார்த்ததுதான்.

வார்க்கும் அறையின் இரட்டைக் கதவுக்கு நடுவே, ஒன்று மூடி மற்றொன்று திறக்கும்வரை நிற்க வேண்டிய அந்தச் சின்ன இடைவெளியில், அவளுக்கு முதல்முறையாகத் திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது. உள்கதவின் கண்ணாடிச் சதுரத்துக்கு அப்பால் எல்லாம் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. சட்டங்கள் இறங்கின, ஏறின, புரண்டன. ஆனால் கதவின் இடுக்கு வழியாக வந்த வாசனை காலையில் இருந்ததல்ல, அதில் ஏதோ சூடாக, அன்று குளிக்காத ஒரு மனித உடம்பின் அருகாமைபோலக் கலந்திருந்தது.

பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே போனாள்.

துலுக்காணம் தொட்டிக்கருகே நின்றிருந்தார். தொட்டியின் மூடி திறந்து கிடந்தது. கையுறைகள் தரையில். வலது கைச் சட்டையை முழங்கைக்கு மேலே சுருட்டியிருந்தார். அந்தக் கையில் ஒரு முடிகூட இல்லை.

"அண்ணா, மிஷினை நிறுத்துங்க."

அவர் திரும்பவில்லை. "நாலு நாள் முன்னாடிம்மா," என்றார். "இதுக்குள்ள ஒரு போல்ட்டு உழுந்துட்சு. நிறுத்திட்டு எடுக்கணும். நான் நிறுத்தல. ஒரு நிமிசம்தானேன்னு கைய உட்டேன். சூடு ஒண்ணும் பெருசா இல்ல. தொழாவிக்கினே கீறேன்... அப்போ, உள்ளேந்து ஒண்ணு என் கையப் புடிச்சுது."

'டக்.' 'ளக்.' பிறகு அந்த மூன்றாவது சத்தம்.

"நம்ம ஊட்டுக்கு வந்தவங்க கைகுடுக்கிற மாதிரி. அப்டி பதமா. புடிச்சுது, ஒவ்வொரு வெரலா தடவிப் பாத்துது, உட்டுட்டுது. நான் யார்கிட்டயும் சொல்லல. சொன்னா இன்னா சொல்வாங்க?"

"வாங்கண்ணா. வெளிய போயிடலாம்."

"அன்னிலேந்து கை எதையும் உணரல. சூடு தெரியல. ஊட்ல பொண்ணு கையப் புடிச்சா தெரியல." இப்போதுதான் திரும்பினார். அவர் நெற்றியில் இருந்த சுருக்கங்கள் ஒன்றுகூட இல்லை. முகம் முப்பது வயதுக்காரருடையதுபோல வழவழவென்று இருந்தது. அதற்கு நடுவே கண்கள் மட்டும் அந்தப் பழைய துலுக்காணமாக, நீர் கோத்து, அவளைப் பார்த்தன. "மொதல்ல பயமா இருந்துச்சும்மா. இப்போ பயமே இல்ல. அதான் பயமா கீது."

சொல்லிக்கொண்டே கையைத் தொட்டிக்குள் விட்டார்.

வினோதா ஓடினாள். சிவப்புப் பொத்தான் தூணில் இருந்தது, அறைந்தாள். இயந்திரம் நீளமாக முனகி நின்றது. இறங்கி வந்துகொண்டிருந்த சட்டம் பாதி வழியில் தொங்கியது. அந்த நிசப்தத்தில் மூன்றாவது சத்தம் மட்டும் நிற்கவில்லை. தொட்டிக்குள்ளிருந்து, சீராக, பொறுமையாக, வந்துகொண்டிருந்தது.

துலுக்காணத்தின் கை முழங்கை வரை உள்ளே போயிருந்தது. தொட்டியின் ஆழமே ஒரு சாண்தான்.

அவர் தோளைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. இரண்டு கைகளாலும் அவர் மேற்கையைக் கட்டிக்கொண்டு, காலைத் தொட்டியின் அடிச்சட்டத்தில் ஊன்றி, முழு உடம்பையும் பின்னால் சாய்த்தாள். கொஞ்சம் வந்தது. இன்னும் கொஞ்சம். கால் வழுக்கியது. முன்னால் சரிந்தாள். விழாமலிருக்க நீட்டிய வலது கை, ஜெலட்டினுக்குள் மணிக்கட்டு வரை போனது.

வெதுவெதுப்பு. பாகுபோல ஒரு கனம்.

பிறகு, விரல்கள்.

அவை தேடவில்லை. வரும் என்று தெரிந்து காத்திருந்தவைபோல வந்து அவள் விரல்களுக்கு நடுவே கோத்துக்கொண்டன. அழுத்தவில்லை. இழுக்கவில்லை. கட்டைவிரலிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றின் நீளத்தையும், ஒவ்வொரு கணுவையும் நிதானமாகத் தடவின. தையற்காரர் அளவெடுப்பதுபோல. வினோதா கத்தினாள். முகக்கவசம் அந்தச் சத்தத்தை அவள் வாய்க்குள்ளேயே திருப்பித் தள்ளியது.

விட்டுவிட்டன.

இருவரும் பின்னால் தரையில் விழுந்தார்கள்.

ஐந்து நிமிடத்தில் அறை நிறைய ஆட்கள். ஹேமநாத் வந்து தொட்டியையும், தரையில் கிடந்தவர்களையும், துலுக்காணத்தின் முகத்தையும் பார்த்தார். "தொட்டியை டிரெயின் பண்ணுங்க," என்றார். "இன்னிக்கு ஓடினது எல்லாம் ரிஜெக்ட். லாரியைத் திருப்பி அனுப்புங்க."

தொட்டியின் அடி வால்வைத் திறந்தார்கள். ஜெலட்டின் தங்க நிறத்தில், தடித்த கயிறாக, பீப்பாய்க்குள் இறங்கியது. வினோதா கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசித் துளி வழிந்ததும் பளபளப்பான எஃகு அடித்தளம் தெரிந்தது. வேறொன்றும் இல்லை. அவள் வலது கையிலிருந்து அதற்குள் கழன்றுபோன கையுறைகூட அங்கே இல்லை.

துலுக்காணத்தைக் கம்பெனி வேனில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். மாலை நாலு மணி வெயில் கண்ணைக் கூசச்செய்தது. எதிர்க் கம்பெனி வாசலில் ஒருவன் தர்பூசணி நறுக்கிக்கொண்டிருந்தான். சாலையில் ஆந்திரப் பக்கம் போகும் பஸ் ஒன்று ஹாரன் அடித்தபடி போனது. உலகம் அப்படியே இருந்தது. துலுக்காணம் இருக்கையில் சாய்ந்து, கண்ணை மூடியிருந்தார். வேன் நகர்ந்தபோது அவருடைய வலது கை மட்டும் மடியிலிருந்து எழும்பி, ஜன்னலுக்கு வெளியே வந்து, அவளைப் பார்த்து மெதுவாக அசைந்தது. அவள் பதிலுக்குக் கையசைத்தாள். வேன் வளைவு திரும்பி மறைந்த பிறகுதான், அவர் கண்ணைத் திறக்கவே இல்லை என்பது உறைத்தது.

கை கழுவும் இடத்துக்குப் போனாள். அவள் கையில் படிந்திருந்த ஜெலட்டின் அதற்குள் காய்ந்துவிட்டது. மணிக்கட்டில் நகத்தால் நெம்பியதும் விளிம்பு எழும்பியது, இழுத்தாள். கிழியவில்லை. ஐந்து விரலும் முழுசாக, கண்ணாடித்தாளில் செய்த கையுறைபோல, ஒரே உருவலில் வந்தது. அதன் உள்பக்கத்தைப் பார்க்காமல் குப்பைக் கூடையில் போட்டு மூடியை அழுத்தினாள். வெந்நீர்க் குழாயைத் திறந்து, சோப்புப் போட்டுத் தேய்த்தாள். நீரிலிருந்து ஆவி பறந்தது. கண்ணாடி மங்கியது. இடது கையில் ஒரு சொட்டுத் தெறித்ததும் 'ஸ்' என்று அதை இழுத்துக்கொண்டாள்.

வலது கை குழாய்க்கடியிலேயே இருந்தது.

சுடவில்லை.

அதைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அதிர்ச்சி என்று சொல்லிக்கொண்டாள். மரத்துப்போயிருக்கும். நாளைக்குச் சரியாகிவிடும். பரிசோதனை அறையில் யாரும் இல்லை. மற்றப் பெண்களை அன்று சீக்கிரமே பஸ்ஸில் அனுப்பிவிட்டிருந்தார்கள். அறிக்கையை எழுதிவிட்டால் அவளும் போகலாம். வீட்டுக்குப் போகலாம். கதவைச் சாத்திக்கொண்டு தூங்கலாம்.

மேசை விளக்கு எரிந்தபடியே இருந்தது. கூடுகளை எல்லாம் எடுத்துப்போயிருந்தார்கள். வெறும் வெள்ளைக் கண்ணாடி. நாற்காலியை இழுக்கக் குனிந்தவள், நிலைகொள்ள வலது கையைக் கண்ணாடிமேல் ஊன்றினாள்.

மனிதக் கையை வெளிச்சத்தின்மேல் வைத்தால் ஓரங்கள் சிவக்கும். நடுவில் எலும்பு இருண்டு தெரியும். ஆறு வருடமாக அவள் கை அந்த வெளிச்சத்தில் அப்படித்தான் தெரிந்திருக்கிறது.

இப்போது சிவக்கவில்லை.

வெளிச்சம் நேராக ஏறி வந்தது. உள்ளங்கைத் தோலைக் கடந்து, புறங்கைத் தோலைக் கடந்து, கூரையில் விழுந்தது. நடுவில் எதுவும் அதை மறிக்கவில்லை. எலும்பு இல்லை. நரம்பு இல்லை. ரத்தம் இல்லை. ஐந்து விரல்களும், உள்ளங்கையும், நிறமற்று, சுத்தமாக, காலியாக இருந்தன. மணிக்கட்டைச் சுற்றி நூல் பிடித்ததுபோல ஒரு வரி. மூடி உடலோடு சேரும் இடத்தில் இருக்குமே, அப்படி ஒரு வரி.

எடுக்க நினைத்தாள். கை வரவில்லை.

கூரையில் காற்றுக் குழாய் இரைந்துகொண்டிருந்தது.

வரிக்குக் கீழே ஏதோ மங்கியது. மணிக்கட்டின் உள்ளேயிருந்து ஒரு பழுப்பு நிழல், அவசரமில்லாமல், உள்ளங்கைக்குள் இறங்கியது. அங்கே கொஞ்சம் நின்றது. பிறகு ஐந்தாகப் பிரிந்தது. கட்டைவிரல் நிரம்பி விறைத்தது. ஆள்காட்டி விரல் ஒரு முறை மடங்கி நிமிர்ந்தது. நடுவிரல். மோதிர விரல். புதுக் கையுறைக்குள் விரலை நுனிவரை தள்ளிப் பார்ப்பவர்போல, ஒவ்வொன்றிலும் அது முட்டி, இடம் போதுமா என்று பார்த்தது. வினோதா தன் இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுண்டுவிரல் மட்டும் கண்ணாடிமேல் தளர்ந்து, காலியாக, ஒளிர்ந்துகொண்டிருந்தது.

பிறகு அதுவும் நிரம்பியது.